நரை எங்கே தொடங்குகிறது?

வெள்ளை முடிக்குள் வெள்ளை நிறம் என்று ஒன்றும் கிடையாது. நரையைப் புரிந்துகொள்ள முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான். கறுப்பு முடிக்குள் கறுப்பு நிறப்பொருள் இருக்கிறது. நரைத்த முடிக்குள் அது இல்லை. அதன் இடத்தில் வேறு எதுவும் வந்து சேரவும் இல்லை. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் நகமும் அதே புரதம்தான். கெரட்டினுக்கென்று சொந்தமாக இருப்பது மிக மெல்லிய மஞ்சள் சாயல் மட்டுமே. அதன்மேல் படும் ஒளி சிதறித் திரும்புவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சாம்பல் நிறத் தலை என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் கறுப்பு இழைகளும் வெள்ளை இழைகளும் கலந்து நிற்பதுதான்.

ஆகவே "முடி ஏன் வெள்ளையாகிறது?" என்பதைவிட, "அதுவரை அதைக் கறுப்பாக வைத்திருந்தது எது, அது ஏன் ஓய்ந்துபோனது?" என்று கேட்டால் விடை சுலபமாகக் கிடைக்கும்.

வாழைச்சேனையிலோ கல்லடியிலோ கடலுக்குப் போகிறவர்களின் தலையைப் பார்த்திருப்பீர்கள். வெயிலும் உப்புத் தண்ணீரும் பட்டுப் பட்டு முடி செம்பட்டையாகியிருக்கும். இதை நரையின் தொடக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. செம்பட்டை வெளியிலிருந்து வருவது. ஏற்கெனவே வளர்ந்து வெளியே நிற்கும் முடிக்குள் இருக்கும் நிறப்பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. அதனால்தான் அதிக நாள் வெயில் கண்ட நுனிப்பக்கம் கூடுதலாக வெளுத்திருக்கும், அடிப்பக்கம் கறுப்பாகவே இருக்கும். நரை அப்படியில்லை. அது தோலுக்கு அடியில், முடி உருவாகும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. டை அடிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சில கிழமைகளில் வகிட்டை ஒட்டி வெள்ளைக் கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளர்கிறது. அந்த வளர்ச்சி முழுவதும் அடியிலிருந்துதான் வருகிறது.

வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அதற்குள் நரம்பும் கிடையாது, இரத்தமும் கிடையாது. வெட்டினால் வலிக்காதது அதனால்தான். ஒருமுறை கறுப்பாக வெளியே வந்த முடியை உடம்பு பிறகு வெள்ளையாக்கவும் முடியாது, வெள்ளையாக வந்ததைக் கறுப்பாக்கவும் முடியாது. இதைப் பிடித்துக்கொண்டால் நரையைப் பற்றி ஊரில் சொல்லப்படும் பாதிக் கதைகள் தாமாகவே விலகிவிடும்.

சரி, தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு முடியும் ஒரு மயிர்க்காலிலிருந்து வளர்கிறது. அது தோலுக்குள் சில மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு சிறு குமிழாக முடிகிறது. அந்தக் குமிழில் இரண்டு வகைக் கலங்கள் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்கின்றன. ஒரு வகை வேகமாகப் பெருகி, கெரட்டினால் நிரம்பி, மேலே தள்ளப்பட்டு முடியாகிறது. மற்ற வகை நிறக்கலங்கள். இவை மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்து, சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி, மேலே போகும் முடிக் கலங்களுக்குள் கொடுத்துவிடுகின்றன. தைரோசின் என்ற அமினோ அமிலம்தான் மெலனினுக்கு மூலப்பொருள். அதை மெலனினாக மாற்றத் தொடங்கிவைப்பது தைரோசினேஸ் என்ற நொதியம். இந்த நொதியம் வேலை செய்யச் செம்பு வேண்டும். மெலனினிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று கறுப்பும் கபிலமும் தருவது, மற்றது செம்மஞ்சள் தருவது. நம் தலைகளில் முதலாவதுதான் மிகப் பெரும்பங்கு. உலகத்தில் காணும் பொன்னிறம், செந்நிறம், கபிலம், கறுப்பு எல்லாம் இந்த இரண்டின் அளவும் விகிதமும் மாறுவதால் வருபவை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தோலின் நிறத்துக்கும் மெலனின்தான் காரணம். அப்படியானால் எழுபது வயதில் தலை வெளுக்கிறது, கை மட்டும் ஏன் வெளுக்கவில்லை?

விடை முடி வளரும் முறையில் இருக்கிறது. ஒரு தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடிகள் இருக்கின்றன. அவை ஓயாமல் வளர்ந்துகொண்டே போவதில்லை. ஒரு முடி 2 முதல் 6 வருடம் வளரும். பிறகு இரண்டு மூன்று கிழமைக்குள் மயிர்க்காலின் அடிப்பகுதி சுருங்கிவிடும். அப்புறம் ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வு. பழைய முடி உதிர்ந்து, அதே இடத்தில் புதியது முளைக்கும். ஒவ்வொரு முடிக்கும் இந்தச் சுற்று தனித்தனியாக நடப்பதால் நாம் மொத்தமாக மொட்டையாவதில்லை. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழமை. இந்தச் சுற்றில் நரைக்கு முக்கியமான கட்டம் அடிப்பகுதி சுருங்கும் கட்டம்தான். அப்போது அங்கே வேலை செய்துகொண்டிருந்த நிறக்கலங்களில் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. அடுத்த முடிக்கு நிறம் வேண்டுமானால் புதிய நிறக்கலங்கள் வந்தாக வேண்டும். தோலில் உள்ள நிறக்கலங்களுக்கு இப்படி அடிக்கடி அழிந்து முளைக்கும் கட்டாயம் இல்லை. தலைமுடியில் மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.

அந்தப் புதிய கலங்கள் எங்கிருந்து வருகின்றன? மயிர்க்காலின் மேற்பகுதியில் சற்றுப் புடைத்த ஒரு இடத்தில் மூலக்கலங்கள் சேமிப்பாக இருக்கின்றன. அவற்றில் நிறம் கிடையாது. புதிய முடி முளைக்கும் நேரத்தில் அவை பெருகி, ஒரு பகுதி கீழே இறங்கி முழு நிறக்கலங்களாக மாறுகிறது, மற்றப் பகுதி மேலேயே சேமிப்பாக நிற்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை வட்டைகளில் வேளாண்மை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பெரும்போகத்து அறுவடையில் கொஞ்சத்தை விதைநெல்லாக எடுத்து வைத்தால்தான் அடுத்த போகம் உண்டு. மூலக்கலங்கள் மயிர்க்காலின் விதைநெல். அது இருக்கும்வரை ஒவ்வொரு போகத்திலும் கறுப்பு முளைக்கும். அது தீர்ந்தாலோ கெட்டாலோ முடி முளைக்கும், நிறம் முளைக்காது.

விதைநெல் எப்படிக் கெடுகிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களை இருபது வருடத்துக்கும் மேலாக இழுத்து வைத்திருக்கும் கேள்வி. 2005 இல் எமி நிஷிமுரா, டேவிட் ஃபிஷர் ஆகியோரின் குழு எலிகளிலும் மனிதரின் மயிர்க்கால்களிலும் பார்த்ததைச் சொன்னது. வயது ஏற ஏறச் சேமிப்பிடத்தில் மூலக்கலங்கள் குறைகின்றன. அதோடு சில மூலக்கலங்கள் கீழே இறங்காமல் இருந்த இடத்திலேயே நிறக்கலமாக முதிர்ந்துவிடுகின்றன. மூடைக்குள்ளேயே முளைத்துவிட்ட விதைநெல் போல, பிறகு அவற்றால் பயன் இல்லை. 2023 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் மயூமி இட்டோவின் குழு இன்னொன்றைக் காட்டியது. மூலக்கலங்கள் ஒரே இடத்தில் குந்தியிருப்பவை அல்ல, மேலும் கீழுமாக நகர்பவை. கீழே வந்தால்தான் நிறக்கலமாக மாறும்படி அவற்றுக்குச் சமிக்ஞை கிடைக்கும். முடியை மீண்டும் மீண்டும் பிடுங்கி எலியின் மயிர்க்காலுக்கு வயதேற்றியபோது, பல மூலக்கலங்கள் மேற்பகுதியிலேயே அகப்பட்டு நின்றுவிட்டன. தொடக்கத்தில் அப்படி அகப்பட்டிருந்தவை ஏறக்குறைய 15 வீதம். கடைசியில் கிட்டத்தட்டப் பாதி. விதைநெல் இருக்கிறது, வயலுக்கு மட்டும் வந்து சேரவில்லை. இது எலியில் கண்டது. மனிதரிலும் இதுதான் நடக்கிறது என்று உறுதியானால், அகப்பட்ட கலங்களை நகரவைக்க வழி தேடலாம் என்பதால் எனக்கு இந்த ஆய்வு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

இதோடு இன்னொரு காரணமும் உண்டு. மெலனின் செய்யும் வேலையில் ஐதரசன் பெரொக்சைட் போன்ற, கலங்களுக்குக் கேடான பொருட்கள் துணையாக உண்டாகின்றன. இளவயதில் கற்றலேஸ் என்ற நொதியம் அதை உடைத்துத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் மாற்றிவிடும். நரைத்த முடியில் இந்த நொதியம் மிகக் குறைந்திருப்பதையும் ஐதரசன் பெரொக்சைட் தேங்கியிருப்பதையும் 2009 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

யாருக்கு எப்போது நரைக்கும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரைதான் தீர்மானிக்கிறது. நரையோடு தொடர்புள்ள ஐஆர்எஃப்4 என்ற மரபணுவை 2016 இல் அடையாளம் கண்டார்கள். அது மட்டும் தனியாகத் தீர்மானிப்பதில்லை. பொதுவாக ஐரோப்பியருக்கு முப்பதுகளின் நடுவிலும், ஆசியருக்கு முப்பதுகளின் கடைசியிலும், ஆபிரிக்கருக்கு நாற்பதுகளின் நடுவிலும் தொடங்கும். ஐம்பது வயதில் பாதிப் பேருக்குப் பாதித் தலை நரைத்திருக்கும் என்று முன்பு சொல்வார்கள். 2012 இல் வெளியான, பல நாடுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்த ஆய்வு அது மிகை என்று காட்டியது. அந்த வயதில் பாதித் தலை நரைத்திருந்தவர்கள் 6 முதல் 23 வீதம்தான்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். கவலையால் நரைக்குமா?

தமிழில் இது பழைய நம்பிக்கை. வயது பல ஆகியும் நரை வராததற்கு நல்ல மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரின் சான்றோர் என்று வரிசையாகக் காரணம் அடுக்கிய சங்கப் புலவர் ஒருவர் உண்டு. விஞ்ஞானம் இதை நீண்ட காலம் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 2020 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் யா-சியே ஷூவின் குழு செய்த எலிப் பரிசோதனைகள் அதை மாற்றின. கறுப்பு எலிகளைக் கடும் நெருக்கடிக்கு உள்ளாக்கியபோது அவற்றின் மயிர் வெள்ளையாக முளைத்தது. ஏன்? முதலில் நோயெதிர்ப்புக் கலங்கள் நிறக்கலங்களைத் தாக்குகின்றனவோ என்று சந்தேகித்தார்கள். அந்தக் கலங்கள் இல்லாத எலிகளுக்கும் நரைத்தது. அடுத்து நெருக்கடி ஓமோன் மீது சந்தேகம் போனது. அதைச் சுரக்கும் சுரப்பியை அகற்றிய எலிகளுக்கும் நரைத்தது. கடைசியில் அகப்பட்டது ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றியிருக்கும் பரிவு நரம்பு. பயத்தில் நெஞ்சு படபடக்க வைக்கும் அதே நரம்புத் தொகுதி இது. கடும் நெருக்கடியில் அந்த நரம்பு நோரட்ரினலின் என்ற பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதனால் சேமிப்பில் இருந்த மூலக்கலங்கள் எல்லாம் ஒரே தடவையில் நிறக்கலங்களாக மாறி வெளியேறிவிடுகின்றன. விதைநெல் முழுவதையும் ஒரே போகத்தில் அள்ளி எறிந்தது போலாகிவிடுகிறது. சில நாட்களுக்குள் சேமிப்பு காலி. அதற்குப் பிறகு அந்த மயிர்க்காலுக்கு நிறம் இல்லை.

இந்த மண்ணில் இதைப் படிக்கும்போது மனம் வேறு இடத்துக்குப் போகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒரே கிழமையில் தலை வெளுத்துப்போனது என்று தம்மைப் பற்றியோ தாயைப் பற்றியோ சொல்பவர்களை நாவலடிப் பக்கத்திலும் கல்முனைப் பக்கத்திலும் கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்த முடி ஒரு கிழமையில் நிறம் மாறாது என்பதும் உண்மை. இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஒன்று, கடும் அதிர்ச்சிக்குப் பிறகு மாதக்கணக்கில் முளைக்கும் புதிய முடி வெள்ளையாக வந்திருக்கலாம். துயரத்தில் மாதங்கள் நினைவில் கிழமைகளாகச் சுருங்கிவிடும். இரண்டு, உடம்பின் நோயெதிர்ப்பு மயிர்க்காலைத் தாக்கும் ஒரு நோய் இருக்கிறது, நாம் புழுவெட்டு என்று சொல்வது. அது சிலவேளை தலை முழுவதும் பரவி, நிறமுள்ள முடிகளை மட்டும் வேகமாக உதிர்த்துவிடும். ஏற்கெனவே கலந்திருந்த வெள்ளை முடிகள் மிஞ்ச, சில நாட்களில் தலை வெளுத்ததுபோலத் தெரியும். பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத் 1793 இல் கொல்லப்படுவதற்கு முன் ஒரே இரவில் நரைத்தார் என்ற கதைக்கும் மருத்துவர்கள் இதையே ஒரு விளக்கமாகச் சொல்வார்கள். மூன்று, முகாமில் டை அடிக்க யாருக்கு நேரமும் மனமும் இருந்தது? அதுவரை மறைந்திருந்த நரை வெளியே வந்திருக்கும்.

திரும்பக் கறுக்குமா? 2021 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 14 பேரின் முடிகளை மிக நுணுக்கமாகப் படம் பிடித்தது. முடி அடியிலிருந்து வளர்வதால், அதன் நீளம் முழுவதும் கடந்துபோன நாட்களின் பதிவு இருக்கிறது. சில முடிகள் பாதியில் வெள்ளையாகி, பிறகு அடியில் மீண்டும் கறுத்திருந்தன. ஒருவர் விடுமுறையில் போயிருந்த காலத்தில் அவருடைய ஐந்து முடிகள் மீண்டும் கறுத்திருந்தன. ஆனால் இது நரையின் வாசலில் நிற்கும் முடிகளுக்கு மட்டுமே. பல வருடம் வெள்ளையாக இருந்த தலை ஓய்வெடுத்தால் கறுத்துவிடும் என்று இதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது.

அப்புறம் எண்ணெய். கையாந்தகரை, நெல்லி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் இல்லாத வீடு இங்கே குறைவு. முடிக்கு அது நல்லதுதான். உலராமல், சிக்காமல், மினுக்கமாக வைத்திருக்கும். நரைத்த முடி பெரும்பாலும் சொரசொரப்பாக இருப்பதால் அதற்கு எண்ணெய் கூடுதலாகவே தேவை. ஆனால் தீர்ந்துபோன மூலக்கலங்களை எண்ணெய் கொண்டுவராது. "நாற்பது நாளில் நரை மறையும்" என்று போத்தலில் எழுதி ஆயிரக்கணக்கில் விலை வைப்பவர்களை நம்பி இளம் பிள்ளைகள் காசைக் கொட்டுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் மாறியதால் நரைத்தது என்பதும் சரியில்லை. உப்புக் கூடிய தண்ணீர் முடியை முரடாக்கலாம், அடியில் உள்ள நிறக்கலத்தை அது தொடாது. ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து வரும் என்பதும் நடக்காது. ஒரு மயிர்க்காலில் நடப்பது பக்கத்து மயிர்க்காலைப் பாதிப்பதில்லை. ஆனாலும் பிடுங்க வேண்டாம். மீண்டும் மீண்டும் பிடுங்கினால் மயிர்க்காலே கெட்டு, அந்த இடத்தில் முடி முளைக்காமல் போகலாம்.

நிறம் பூச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பூசலாம். காத்தான்குடியில் வயதானவர்கள் தாடிக்கு மருதோண்டி பூசுவதைப் பார்க்கிறோமே, மருதோண்டியின் சாயம் கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளை முடியில் செம்மஞ்சளாகப் பளிச்சிடும், கறுப்பு முடியில் தெரியாது. "கறுப்பு மருதோண்டி" என்று விற்பதில் மட்டும் கவனம் வேண்டும். தனி மருதோண்டி கறுப்பு தராது. கறுப்பு வருகிறது என்றால் பெரும்பாலும் பராபினைலின்டயமின் என்ற இரசாயனம் கலந்திருக்கும். கடையில் வாங்கும் பல கறுப்பு டைகளிலும் அதுதான் இருக்கிறது. பலருக்கு ஒன்றும் செய்யாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலையும் முகமும் வீங்கி, கொப்புளம் போட்டு, நீர் வடியும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது போகாது, அடுத்த தடவை இன்னும் கடுமையாக வரும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பூசுங்கள். முன்பு ஒத்துக்கொண்ட டையாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

கடைசியாக இளநரை. நம்மைப் போன்ற ஆசியரில் 25 வயதுக்கு முன் நரைத்தால் அதை இளநரை என்பார்கள். கல்யாணப் பேச்சில் அதற்காகப் பிள்ளைகளைக் கூனிக் குறுக வைப்பது நம் ஊர்களில் நடக்கிறது. அது கொடுமை. பெரும்பாலானோருக்கு அது தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்த பரம்பரை, நோய் அல்ல. சிலருக்கு மட்டும் அதற்குப் பின்னால் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கும். விற்றமின் பி12 குறைபாடு அதில் முக்கியமானது. மீன், முட்டை, பால், தயிர் போன்ற விலங்குணவுகளில்தான் பி12 இயற்கையாகக் கிடைக்கிறது. வாவி மீனும் எருமைத் தயிரும் உண்கிற வீடுகளில் இது சாப்பாட்டால் குறைவது அரிது. முழுச் சைவமாக இருந்து பாலும் தொடாதவர்கள், சீனி வருத்தத்துக்கு நீண்ட காலம் மெற்போமின் குளிசை எடுப்பவர்கள், குடலில் பி12 உறிஞ்சப்படாதவர்கள் ஆகியோருக்குக் குறையலாம். களைப்பு, கைகால் விறைப்பு, நாக்கு எரிவு கூட இருந்தால் சந்தேகம் வலுக்கும். தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்வதும், இரும்பு குறைவதும் நரையோடு தொடர்புள்ளவை. புகைப்பிடிப்பவர்களுக்கு இளநரை கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோலிலும் வெண்திட்டுக்கள் இருந்தால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டில் வேறு யாருக்கும் இளநரை இல்லாமல் உங்களுக்கு மட்டும் திடீரென்று கூடினால், எண்ணெய்ப் போத்தல் வாங்குமுன் வைத்தியரிடம் போய் பி12, தைரொயிட், குருதிச் சோகை மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். குறைபாடு பிடிபட்டு மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு அடுத்து முளைத்த முடி கறுப்பாக வந்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படி நடக்காது. ஆனால் பி12 குறைபாட்டைக் கவனிக்காமல் விட்டால் நரம்புகள் நிரந்தரமாகவே பாதிக்கப்படலாம். அதனால் முடி கறுக்காவிட்டாலும் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.